எந்த அளவில் இரண்டுக்கு ஒன்று?
எப்பாக்சி வார்ப்பின் வழியே விகிதம், அடர்த்தி, துல்லியம்

அறிவியல் கண்காட்சிகளில் அண்மைக்காலமாக ஒரு காட்சிப்பொருள் அடிக்கடி தென்படுகிறது. கண்ணாடிபோல் தெளிந்த கட்டி ஒன்றினுள் நெற்கதிரோ, உலர்ந்த பூவோ, விதைகளோ அசையாமல் நிற்கும். கையில் எடுத்துத் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்கலாம். உடையாது, பூச்சி அரிக்காது. எப்பாக்சி ரெசின் என்னும் பிசினை அச்சில் வார்த்து இதைச் செய்கிறார்கள். கைபேசிக் காணொலிகளில் இதைப் பார்த்த மாணவர்கள், "நம்ம பள்ளியிலும் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள்.

செய்யலாம். ஆனால் முதல் முயற்சியில் பலருக்கும் கிடைப்பது தெளிந்த கட்டியாக இருப்பதில்லை. மூன்று நாள் ஆனாலும் விரலில் ஒட்டும் பிசுக்காகவோ, ஒரு பகுதி இறுகி மறுபகுதி இளகிய பொருளாகவோ அது நின்றுவிடும். "ரெசின் தரமில்லை" என்று முடிவுகட்டி விடுவார்கள். உண்மையில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் அளப்பதிலும் கலப்பதிலும்தான் இருக்கிறது. குப்பியின் மேல் 2:1 என்று அச்சிட்டிருக்கும். அது மி.லி. கணக்கா, கிராம் கணக்கா என்று பார்க்காமல் கலந்தால் எல்லாம் வீண்.

இந்த ஒரு கேள்விக்குள் ஆறாம் வகுப்பு விகிதம் முதல் பத்தாம் வகுப்பு வேதிவினை வரை பல பாடக்கருத்துகள் அடங்கியிருக்கின்றன. நான்கு பாடவேளைகளில் இதை நடத்தும் முறை இங்கே தரப்படுகிறது. இதில் ரெசினைத் தொடுவது ஆசிரியர் மட்டுமே. அளத்தல், கணக்கிடுதல், ஒத்திகை பார்த்தல் ஆகியவை மாணவர் பணி.

பாடத்தொடர்பு

• விகிதம், விகிதசமம் – 6, 7ஆம் வகுப்புக் கணக்கு
• அடர்த்தி, அளவீட்டியல், துல்லியம் – 7, 8ஆம் வகுப்பு அறிவியல்
• கனச்செவ்வகம், உருளை ஆகியவற்றின் கன அளவு – 9, 10ஆம் வகுப்புக் கணக்கு
• வெப்ப உமிழ்வினை, மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் நிறையும் – 10ஆம் வகுப்பு அறிவியல்

எப்பாக்சி – ஒரு சிறு அறிமுகம்

எப்பாக்சி மாணவர்களுக்குப் புதிய பொருளன்று. வீட்டுக் குழாயில் கசிவு ஏற்பட்டால் பிளம்பர் இரண்டு நிற உருண்டைகளைச் சம அளவு எடுத்துப் பிசைந்து ஒட்டும் எம்-சீல் ஒரு எப்பாக்சிதான். இரண்டு குழல்களிலிருந்தும் சம அளவு பிதுக்கிக் கலந்து ஒட்டும் அரால்டைட்டும் எப்பாக்சிதான். சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்டான், அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீ ஆகியோரின் ஆய்வுகள் வழியே 1930, 1940களில் இந்தப் பிசின் உருவெடுத்தது. காஸ்டான் தேடியது பல் கட்டுவதற்கு ஏற்ற ஒரு பொருளை. 1946இல் சிபா நிறுவனம் இதை அரால்டைட் என்ற பெயரில் ஒட்டுபசையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வார்ப்புக்கான எப்பாக்சி இரண்டு குப்பிகளில் வரும். ஒன்று ரெசின், தேன்போல் கெட்டியானது. மற்றொன்று ஹார்டனர், பெரும்பாலும் அதைவிட நீர்த்தது. தனித்தனியே வைத்தால் இரண்டும் நீர்மமாகவே இருக்கும். கலந்தால் வினைபுரிந்து திண்மமாகும். வெயிலில் காய்வதாலோ நீர் ஆவியாவதாலோ இது இறுகுவதில்லை என்பதை முதலிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. 'காயவைத்தல்' என்ற சொல்லே தவறான எண்ணத்தை ஏற்படுத்திவிடும். 'இறுகுதல்' என்றே சொல்வோம்.

முதல் பாடவேளை: கைகோத்தல் விளையாட்டு

"ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் இறுகிடுமா சார்?" இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் எழும். பெரியவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. கடலோர ஊர்களில் ஃபைபர் படகு செய்யும் பட்டறைகளில் பயன்படுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் சேர்க்கும் திரவம் வினையைத் தொடங்கி வைக்கும் பொருள். குளிர்ந்த நாளில் சற்றுக் கூட்டுவார்கள். வெயில் நாளில் குறைப்பார்கள். அங்கே அது சரி.

எப்பாக்சியின் ஹார்டனர் அப்படிப்பட்டதன்று. அது வினையில் பங்கேற்று, இறுகிய பொருளின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. எனவே அதன் அளவு கூடினாலும் குறை, குறைந்தாலும் குறை. இதை விளக்க வகுப்பறையில் ஒரு விளையாட்டு நடத்தலாம்.

எளிய எப்பாக்சி மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு முனைகளிலும் வினைபுரியும் தொகுதிகள் உள்ளன. அதை இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அமீன் தொகுதிகள் கொண்ட ஒரு ஹார்டனர் மூலக்கூறில் வினைபுரியக்கூடிய ஹைட்ரஜன்கள் நான்கு. அவற்றை நான்கு கயிறுகள் எனக் கொள்வோம். ஒரு கை ஒரு கயிற்றை மட்டுமே பிடிக்கலாம்.

சுற்று 1: எட்டு மாணவர்கள் ரெசின்; நான்கு மாணவர்கள் ஹார்டனர். ஹார்டனர் மாணவர் ஒவ்வொருவரும் இடுப்பில் நான்கு கயிற்றுத் துண்டுகளைச் செருகிக்கொள்வார். கைகள் 16, கயிறுகள் 16. எல்லாக் கைகளும் பிடித்தபின் ஒருவரை மெல்ல அசைத்தால் வலை முழுவதும் அசையும். திண்மம் என்பது இதுதான்.

சுற்று 2: எட்டு ரெசின், ஆறு ஹார்டனர். கைகள் அதே 16, கயிறுகள் 24. எட்டுக் கயிறுகள் பிடிக்க ஆளின்றித் தொங்குகின்றன. சில ஹார்டனர் மாணவர்கள் ஒரே கயிற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறார்கள். வலை தளர்ந்துவிட்டது.

சுற்று 3: எட்டு ரெசின், மூன்று ஹார்டனர். கயிறுகள் 12. நான்கு கைகள் வெறுமனே இருக்கின்றன.

"அதிகம் சேர்த்தால் ஏன் இறுகவில்லை?" என்ற கேள்விக்கு விடையை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். தொங்கும் கயிறுகளும் வெறுங்கைகளும்தான் நம் விரலில் ஒட்டும் பிசுக்கு.

விளையாட்டின் முடிவில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லா ஹார்டனருக்கும் நான்கு கயிறுகள் என்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் கலவை மாறும். அதனால்தான் ஒரு குப்பியில் 1:1, வேறொன்றில் 2:1, இன்னொன்றில் 3:1 என்று விகிதம் மாறுகிறது. ஒரு நிறுவனத்தின் ரெசினோடு இன்னொரு நிறுவனத்தின் ஹார்டனரைச் சேர்க்கக்கூடாது.

இரண்டாம் பாடவேளை: விகிதத்துக்கு அலகு இல்லை, ஆனால்…

விகிதத்துக்கு அலகு இல்லை என்று கற்பிக்கிறோம். ஒரே அலகிலுள்ள இரண்டு அளவுகளை ஒப்பிடுவதால் அலகு நீங்கிவிடுகிறது. இது சரியே. ஆனால் மாணவர் மனத்தில் இது வேறுவிதமாகப் பதிந்துவிடுகிறது: "2:1 என்றால் எதில் அளந்தாலும் 2:1தானே!" அலகு நீங்கினாலும் எதை அளந்தோம் என்பது நீங்குவதில்லை. பருமனில் 2:1 என்பதும் நிறையில் 2:1 என்பதும் வெவ்வேறு கலவைகள். இரண்டு பொருள்களின் அடர்த்தியும் சமமாக இருந்தால் மட்டுமே அவை ஒன்றாகும்.

மாணவர்கள் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு கைவசம் இருக்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது வாயுக்களின் பருமன் விகிதம் 2:1. நிறை விகிதம் 1:8. இரண்டும் ஒரே நீரைத்தான் குறிக்கின்றன.

கட்டடப் பணியிலிருந்தும் சொல்லலாம். கொத்தனார் 1:6 கலவை என்றால் ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல். அது பருமன் விகிதம். சிமெண்ட் 50 கிலோ மூட்டையாக வருகிறது. ஒரு மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர் இடம் பிடிக்கும். எனவே ஒரு மூட்டைக்கு ஆறு மடங்கு, அதாவது சுமார் 210 லிட்டர் மணல் வேண்டும். 300 கிலோ மணல் என்று கணக்கிட்டால் அது வேறு கலவை.

செயல்பாடு: குழுவுக்கு ஒரு சிறு மின்னணுத் தராசு, ஒரு அளவுகுவளை, 20 மி.லி. தேங்காய் எண்ணெய், 20 மி.லி. கெட்டியான வெல்லப்பாகு. குவளையைத் தராசில் வைத்து, சுழியாக்கும் பொத்தானை அழுத்தியபின் நீர்மத்தை ஊற்றி நிறையைக் குறிக்கவேண்டும். எண்ணெய் 18 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பாகு 20 கிராமைத் தாண்டும்; எவ்வளவு தாண்டும் என்பது பாகின் பதத்தைப் பொறுத்தது. நிறையைப் பருமனால் வகுத்து இரண்டின் அடர்த்தியையும் மாணவர்கள் கண்டுபிடிப்பார்கள். பின்னர், "பாகும் எண்ணெயும் பருமனில் 2:1 வேண்டும். தராசு மட்டும்தான் இருக்கிறது. 100 கிராம் பாகுக்கு எத்தனை கிராம் எண்ணெய்?" என்று கேட்கலாம்.

அதே கணக்கை ரெசினுக்குச் செய்வோம். ரெசினின் அடர்த்தி 1.14 கிராம்/மி.லி., ஹார்டனரின் அடர்த்தி 0.98 கிராம்/மி.லி. என்று கொள்வோம். வார்ப்பு ரெசின்களில் இதையொட்டிய மதிப்புகளைக் காணலாம்.

2 மி.லி. ரெசின் = 2 × 1.14 = 2.28 கிராம்
1 மி.லி. ஹார்டனர் = 1 × 0.98 = 0.98 கிராம்
100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் = (0.98 ÷ 2.28) × 100 = 43 கிராம்

ஆக, பருமனில் 2:1 என்பது நிறையில் 100:43. இதைக் கவனிக்காமல் 100 கிராமுக்கு 50 கிராம் ஊற்றினால் ஹார்டனர் 7 கிராம் மிகை. தேவையான 43 கிராமில் இது சுமார் 16 சதவீதம். கைகோத்தல் விளையாட்டின் இரண்டாம் சுற்றை நாமே உருவாக்கிவிட்டோம் என்று பொருள். மாறாக, 100:43 என்ற நிறை விகிதத்தை மி.லி.யில் அளந்தால் ஹார்டனர் 14 சதவீதம் குறையும். அது மூன்றாம் சுற்று.

நல்ல நிறுவனங்கள் பருமன் விகிதம், நிறை விகிதம் இரண்டையும் தனித்தனியே அச்சிடுகின்றன. இரண்டும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்து 'அச்சுப்பிழை' என்று நினைப்பவர்களும் உண்டு. குப்பியின் ஒட்டுத்தாளை வகுப்பில் காட்டி, அந்த இரண்டு விகிதங்களிலிருந்து அடர்த்திகளின் விகிதத்தைக் காணச் சொல்வது எட்டாம் வகுப்புக்கு ஏற்ற கணக்கு.

தொடக்க வகுப்புகளுக்கு: ரெசின் வேண்டியதே இல்லை. ஒரு டம்ளர் அரிசி, அதே டம்ளரில் பொரி. இரண்டும் சம அளவா? டம்ளர் சமம் என்கிறது, தராசு இல்லை என்கிறது. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து என்று அம்மா அளப்பது எந்த அளவை என்று கேட்டுவரச் சொல்லலாம்.

மூன்றாம் பாடவேளை: அச்சிலிருந்து கிராமுக்கு

எவ்வளவு கலக்கவேண்டும்? குறைந்தால் பாதி அச்சோடு நின்றுவிடும். கூடினால் விலை உயர்ந்த பொருள் வீணாகும். 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம் உள்ள சிலிகான் அச்சை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பருமன் = 7 × 5 × 2 = 70 கன செ.மீ. = 70 மி.லி.
படி 2: கலவையின் அடர்த்தி = (2.28 + 0.98) ÷ 3 = சுமார் 1.087 கிராம்/மி.லி.
படி 3: தேவையான நிறை = 70 × 1.087 = சுமார் 76 கிராம்
படி 4: குவளையிலும் குச்சியிலும் ஒட்டி நிற்பதற்காக 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 80 கிராம்
படி 5: மொத்தப் பங்குகள் 100 + 43 = 143. ரெசின் = 80 × 100 ÷ 143 = 55.9 கிராம். ஹார்டனர் = 80 × 43 ÷ 143 = 24.1 கிராம்

படி 5இல் 80ஐ 2:1 எனப் பிரித்து 53.3, 26.7 என்று எழுதும் மாணவர் இருப்பார். அந்த விடையைக் கரும்பலகையில் எழுதி, எங்கே வழி மாறியது என்று வகுப்பையே கண்டுபிடிக்க விடலாம்.

ஒழுங்கற்ற வடிவ அச்சாக இருந்தால் நீரை நிரப்பி அதை அளவுசாடியில் ஊற்றிப் பருமனைக் காணலாம். பிறகு அச்சை முழுவதுமாக உலர்த்திவிட வேண்டும். ஈரம் இருந்தால் வார்ப்பு மங்கிவிடும். உள்ளே வைக்கும் பொருள் பெரிதாக இருந்தால் அதன் பருமனைக் கழிக்கவேண்டும். கூழாங்கல் என்றால் நீர் இடப்பெயர்ச்சி முறையே போதும்.

அளப்பது எதில்? அளவுசாடியிலா, தராசிலா? இதற்கு மாணவர்கள் சோதனை மூலமே விடை காணட்டும். அளவுசாடியில் 20 மி.லி. வெல்லப்பாகை எடுத்து, வேறு குவளையில் பத்து விநாடி கவிழ்த்து, விழுந்ததை எடைபோடச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டி நின்ற பாகு குறைவாகக் காட்டிக்கொடுக்கும். கெட்டியான நீர்மத்துக்குத் தராசே நம்பகமானது. கலக்கும் குவளையைத் தராசின்மேல் வைத்து அதிலேயே ஊற்றினால் ஒட்டி நிற்பதால் வரும் பிழை இல்லை.

ஆனால் எந்தத் தராசு? அடுத்த கேள்வி இதுதான். 1 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் ஏறத்தாழ அரை கிராம் ஐயம் எப்போதும் இருக்கும்.

• 80 கிராம் கலவையில் ஹார்டனர் 24.1 கிராம். 0.5 கிராம் பிழை சுமார் 2 சதவீதம்.
• 10 கிராம் எடையுள்ள சாவிக்கொத்து வார்ப்பில் ஹார்டனர் 3 கிராம். அதே 0.5 கிராம் பிழை சுமார் 17 சதவீதம்.
• 0.1 கிராம் வரை காட்டும் தராசில் அதே 3 கிராமுக்கு 0.05 கிராம் பிழை. 2 சதவீதத்துக்கும் குறைவு.

அதே தராசு, அதே ஆள், அதே கவனம். ஆனால் சிறிய வார்ப்பு கெட்டுப்போகிறது, பெரியது நன்றாக வருகிறது. 'சிறியதிலிருந்து தொடங்குவோம்' என்ற நல்லெண்ணமே இங்கே காலை வாரிவிடும். துல்லியம், சதவீதப் பிழை ஆகியவற்றை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. வகுப்புக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம்: ஹார்டனரின் அளவுப் பிழை 2 அல்லது 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள் நிற்க, கையிலிருக்கும் தராசில் குறைந்தது எத்தனை கிராம் கலக்கவேண்டும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும். ஒரே நேரத்தில் பல சிறிய அச்சுகளுக்குச் சேர்த்துக் கலப்பதே வழி என்பதற்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

ஒத்திகை: இரண்டு டம்ளர்களில் வெல்லப்பாகுக்குப் பதில் சர்க்கரைப்பாகு எடுத்து, ஒன்றில் சில சொட்டு நீல மை கலந்துகொள்ளவேண்டும். குழுவினர் அவற்றை 100:43 நிறை விகிதத்தில் ஒரு தெளிந்த குவளையில் ஊற்றிக் குச்சியால் கலக்கட்டும். நடுவில் நிறம் சீராகிவிடும். அடிமூலையிலும் சுவரோரத்திலும் கோடுகள் தெரியும். 'கலந்துவிட்டது' என்று கண் சொல்வதற்கும் உண்மையில் கலப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு நீல நிறத்தில் தெரிகிறது. ரெசினில் நிறம் இல்லாததால் இதே கோடுகள் நம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. இறுகிய பிறகு ஒட்டும் புள்ளிகளாக அவை வெளிப்படும்.

நான்காம் பாடவேளை: ஆசிரியர் செய்துகாட்டல்

தேவையானவை: வார்ப்புக்கான எப்பாக்சி, 0.1 கிராம் தராசு, இரண்டு பிளாஸ்டிக் குவளைகள், தட்டையான குச்சி, சிலிகான் அச்சு, நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, பழைய செய்தித்தாள், நன்கு உலர்ந்த மாதிரிப் பொருள்கள்.

1. காற்றோட்டமான இடத்தில் சமதளமான மேசையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மேசை சாய்ந்திருந்தால் வார்ப்பும் சாய்வாகவே இறுகும்.
2. தராசில் குவளையை வைத்துச் சுழியாக்கி, முதலில் ரெசினை ஊற்றவேண்டும். 55.9 என்ற இடத்தில் 56.8 வந்துவிட்டால் திரும்ப எடுக்க முயலவேண்டாம். புதிய ஹார்டனர் அளவைக் கணக்கிடலாம்: 56.8 × 0.43 = 24.4 கிராம். மாணவர் ஒருவர் இதைக் கரும்பலகையில் உடனே கணக்கிட்டுத் தரட்டும்.
3. மீண்டும் சுழியாக்கி, ஹார்டனரை மெல்லிய ஒழுக்காக ஊற்றவேண்டும். கடைசி ஒரு கிராமைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும்.
4. மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கவேண்டும். சுவரையும் அடியையும் குச்சியால் வழித்துக்கொண்டே இருக்கவேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழ்கள் புகும்.
5. கலவையை இரண்டாவது குவளைக்கு மாற்றி, மேலும் ஒரு நிமிடம் கலக்கவேண்டும். முதல் குவளையின் சுவரில் கலக்காமல் நின்றதை வழித்துச் சேர்க்கக்கூடாது. ஒத்திகையில் பார்த்த நீலக் கோடுகளுக்கு இதுவே மாற்று.
6. அச்சில் ஒரு மூலையிலிருந்து மெல்லிய நூல்போல் ஊற்றவேண்டும். பாதி ஊற்றியபின் மாதிரிப் பொருளை வைத்து, மீதியை ஊற்றலாம். இலேசான பொருள் மிதக்கும் என்றால் முதல் அடுக்கு சற்றுக் கெட்டியாகும்வரை காத்திருந்து அதன்மேல் வைக்கவேண்டும்.
7. தூசு படாமல் மூடி, குப்பியில் குறிப்பிட்ட நேரம்வரை தொடாமல் விட்டுவிட வேண்டும். ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம்.

வெப்பம்: மீதமான கலவை உள்ள குவளையின் அருகில் வெப்பமானியை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிப்புற வெப்பநிலையைக் குறிக்கலாம். வெப்பநிலை ஏறும். இது வெப்ப உமிழ்வினை. அச்சில் பரவி நிற்கும் கலவையில் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. குவளையில் குவிந்து நிற்கும் கலவையில் வெப்பம் தேங்குகிறது. அது வினையை வேகப்படுத்துகிறது. வேகம் மேலும் வெப்பத்தைத் தருகிறது. பெரிய அளவு கலவையைக் குவளையிலேயே விட்டுவைத்தால் கொதிநீரைவிடச் சூடாகிப் புகைவிடவும், குவளை உருகவும் கூடும். எனவே கலந்ததும் ஊற்றிவிட வேண்டும். மீதமிருப்பதைப் பழைய தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிட வேண்டும்.

குப்பியில் குறிப்பிட்டுள்ள 'பயன்படுத்தும் நேரம்' பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கானது. வேதிவினையின் வேகம் 10 டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான மதிப்பீடு. வேலூரிலோ திருச்சியிலோ சித்திரை மாத நண்பகலில் 40 டிகிரியை நெருங்கும்போது அந்த நேரம் மிகவும் சுருங்கிவிடும். கோடையில் காலை முதல் பாடவேளையே இதற்கு ஏற்றது. மழைக்காலத்தில் வேறு சிக்கல். காற்றின் ஈரப்பதமும் கார்பன் டைஆக்சைடும் ஹார்டனரோடு வினைபுரிந்து மேற்பரப்பில் மெழுகு போன்ற படலத்தை ஏற்படுத்தலாம். இறுகியபின் சோப்பு நீரால் துடைத்தால் அது போய்விடும்.

எவ்வளவு ஆழம் ஒரே முறையில் ஊற்றலாம் என்பதையும் ஒட்டுத்தாளில் பார்க்கவேண்டும். மேசைப் பூச்சுக்கான எப்பாக்சி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கே ஏற்றது. ஆழமான வார்ப்புக்கென்று தனி வகை உண்டு.

பாதுகாப்பு – இதில் விட்டுக்கொடுத்தல் இல்லை

• இறுகாத ரெசினையும் ஹார்டனரையும் மாணவர்கள் எந்த வகுப்பினராயினும் தொடக்கூடாது. தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பின்னர் சிறு துளி பட்டாலும் திரும்ப வரும். ஆசிரியருக்கும் இது பொருந்தும்.
• நைட்ரைல் கையுறையே வேண்டும். கையுறை இருப்பதால் கையை நனைக்கலாம் என்று பொருளில்லை.
• தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். தின்னர், அசிட்டோன் கொண்டு தோலைத் துடைக்கக்கூடாது. அவை தோலின் பாதுகாப்பை நீக்கிவிடும். கண்ணில் பட்டால் நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்குச் செல்லவேண்டும்.
• மீதியைக் கழிவுநீர்க் குழாயிலோ மண்ணிலோ ஊற்றக்கூடாது. இறுகவிட்டுத் திடக்கழிவாக அகற்றவேண்டும்.
• இறுகியபின் விளிம்பைத் தேய்க்கவேண்டுமானால் நீர் தெளித்து, உப்புத்தாளால், முகக்கவசம் அணிந்து ஆசிரியரே தேய்க்கவேண்டும். தூள் மூச்சில் போகக்கூடாது.
• முழுவதும் இறுகாத, ஒட்டும் வார்ப்பை மாணவர் கையில் தரக்கூடாது. அதன் ஒட்டும் தன்மையே வினைபுரியாத பொருள் மிச்சமிருப்பதற்கான அடையாளம்.

எவற்றைப் பதிக்கலாம்?

உள்ளூர் நெல்வகைகளின் மணிகள், சிறுதானியங்கள், பலவகை விதைகள், உலர்ந்த இலைகள், மண் மாதிரிகள், சிறு கற்கள். குன்றிமணி நச்சுடையது, கையில் தரத் தயங்கும் அந்த விதையை வார்ப்பினுள் வைத்துவிட்டால் அச்சமின்றிச் சுற்றிவிடலாம். எல்லாமே சருகுபோல் உலர்ந்திருக்கவேண்டும். இலையையும் பூவையும் செய்தித்தாளிடையே வைத்து இரண்டு வாரம் அழுத்தி உலர்த்தலாம். ஈரமான பொருள் வார்ப்பினுள் கருத்துப்போகும், குமிழும் விடும். பூச்சிகளைப் பிடித்துக் கொல்லும் வேலைக்கு மாணவர்களைத் தூண்டவேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 சில வண்ணத்துப்பூச்சிகளையும் வண்டுகளையும்கூடப் பாதுகாக்கிறது.

மதிப்பீடு

1. ஒரு குப்பியில் பருமன் விகிதம் 1:1, நிறை விகிதம் 100:84 என்று உள்ளது. இரண்டில் எது சரி? (இரண்டும் சரி, ஹார்டனரின் அடர்த்தி ரெசினின் அடர்த்தியில் 0.84 பங்கு.)
2. 6 செ.மீ. பக்கமுள்ள சதுர அடியும் 1.5 செ.மீ. ஆழமும் கொண்ட அச்சின் பருமன் என்ன? (54 கன செ.மீ.)
3. 1 கிராம் வரை காட்டும் தராசில் 0.5 கிராம் ஐயம் உண்டு. பிழை 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கக் குறைந்தது எத்தனை கிராம் ஹார்டனர் அளக்கவேண்டும்? (25 கிராம்.)
4. வார்ப்பின் நடுப்பகுதி கெட்டியாகவும் ஒரு மூலை மட்டும் ஒட்டும் தன்மையோடும் உள்ளது. முழு வார்ப்பும் ஒட்டும் தன்மையோடு இருந்தால் காரணம் என்ன? மூலை மட்டும் என்றால் என்ன? (முழுவதும் ஒட்டினால் விகிதத்தில் பிழை இருக்க வாய்ப்பு, ஒரு பகுதி மட்டும் என்றால் சரியாகக் கலக்கவில்லை.)

நான்காவது வினாவுக்குச் சரியாக விடையளிக்கும் மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டார் என்று உறுதியாகச் சொல்லலாம். அளத்தல் ஒரு வேலை, கலத்தல் வேறொரு வேலை. ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்யாது என்பதை அவர் பிரித்தறிந்துவிட்டார்.

ரெசின் வாங்க வசதி இல்லாத பள்ளியிலும் முதல் மூன்று பாடவேளைகளை அப்படியே நடத்தலாம். வெல்லப்பாகும் தேங்காய் எண்ணெயும் ஒரு தராசும் போதும். மருந்துக் கடையில், வயலில் பூச்சிமருந்து கலக்கும் இடத்தில், சமையலறையில் என்று விகிதம் எழுதிய ஒட்டுத்தாள்களை நம் மாணவர்கள் வாழ்நாள் முழுவதும் படிக்கப்போகிறார்கள். அப்போது எண்களைப் பார்த்ததும் "இது எந்த அளவில்?" என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தால், அலமாரியில் நிற்கும் தெளிந்த கட்டியைவிட அதுவே நமக்குக் கிடைக்கும் நல்ல விளைவு.